எழுபது எனக்கு, முப்பது அவளுக்கு

எங்கள் பி பிளாக்கில் இருபத்து நான்கு வீடுகள். அதில் இருபத்து மூன்று வீட்டு விஷயம் எனக்கு அத்துப்படி. யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள், எந்த வீட்டு மாப்பிள்ளை எத்தனை வாரமாக வரவில்லை, எல்லாமே மொட்டைமாடியில் மளிகை டிரோன் இறங்குவதற்குள் காதுக்கு வந்துவிடும். காலை பத்தரை மணிக்கு அது பைகளை இறக்கும். பத்து மணிக்கே நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கே கூடிவிடுவோம். வெயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி நிழல்.

பிடிபடாத ஒரே வீடு அடைக்கலமேரியுடையது. திருச்சியின் இத்தனை வீடுகளில், மூன்றாம் மாடியில் எனக்கு நேர் எதிர்க் கதவாக வந்து வாய்த்தது. அவளுக்கு மாநகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் வேலை. காலையில் பூட்டினால் மாலையில்தான் திறப்பாள். "வரேன்க்கா", "போறேன்க்கா" என்ற இரண்டுக்கு மேல் மூன்றாவது வார்த்தை வராது. மகள் ரெஜினாவுக்கு இருபத்தொரு வயது. பதினெட்டு வரை சிறப்புப் பள்ளியில் வைத்திருந்து, கடைசி நாளில் மாலை போட்டு, குரூப் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு மூன்று வருஷம் அந்தப் பெண் பூட்டிய கதவுக்குப் பின்னால் என்ன செய்தாள் என்று பிளாக்கில் யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் ஒரு சனிக்கிழமை மேரியே வந்து என் வீட்டு மணியை அடித்தபோது, அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

கூடவே ஒல்லியாக ஓர் இளைஞன். பெயர் இர்ஃபான். உறுதுணை வேலைத் திட்டத்தில் பயிற்சியாளராம். சிறப்புப் பள்ளியை முடித்த பிள்ளைகளுக்கு வேலை பார்த்துக் கொடுத்து, அவர்கள் ஊன்றி நிற்கும்வரை பக்கத்தில் நிற்பதுதான் அவன் வேலை.

"ரெஜினாவுக்கு வேலை கிடைச்சிருக்குக்கா," என்றாள் மேரி. யாரையோ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள். வேலையும் ஆஸ்பத்திரியில்தான். பெரிய தனியார் மருத்துவமனை, துணிப் பிரிவு. ஆபரேஷன் தியேட்டருக்குப் போகிற பச்சைத் துணிகளை விளக்கு மேஜையில் விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, மடித்துக் கட்ட வேண்டும்.

"நல்ல விஷயம்தானே. அதுக்கு ஏன் இந்த முகம்?"

இர்ஃபான் பையிலிருந்து கைக்கடிகாரம் மாதிரி இரண்டு பட்டைகளை எடுத்து வைத்தான். "ரெஜினாவுக்கு வேலை நல்லாத் தெரியும் மேடம். பிரச்சினை சுத்தி இருக்கிறதுலதான். சத்தம், வெளிச்சம், ஆள் நடமாட்டம். நமக்கு அதெல்லாம் ஓரமாப் போயிடும். அவங்களுக்கு எல்லாமே நேரா உள்ள வந்து நிக்கும். தாங்க முடியாம தரையில உட்கார்ந்துடுவாங்க."

"அதுக்கு நான் என்ன பண்ணணும்?"

"அதுல பாதிக்கு மேல நீங்க வாங்கிக்கணும்."

நான் பட்டையைப் பார்த்தேன். தொடவில்லை.

"நினைப்பு வராது, பேச்சு வராது, அங்க என்ன நடக்குதுன்னு தெரியாது," என்றான். "உடம்பு படுற பாடு மட்டும் வரும். நெஞ்சு அடிச்சுக்கிறது, கை வேர்க்கிறது, வயித்தைப் பிசையறது. அங்க நூறு கிளம்பினா எழுபது உங்ககிட்ட இறங்கிடும். முப்பதுதான் அவங்ககிட்ட நிக்கும். மாசத்துக்குப் பத்துப் பத்தாக் குறைச்சுட்டு வருவோம். ஆறாம் மாசக் கடைசியில பட்டையைக் கழட்டிடுவோம். அதுக்கப்புறமும் அவங்க நின்னுட்டா வேலை நிரந்தரம். இல்லைன்னா வீடு. ஒருத்தருக்கு ஒரு வாய்ப்புதான் மேடம். வரிசையில நிறையப் பேர் இருக்காங்க."

"பெத்தவ இங்கேயே இருக்காளே. அவ கையில கட்டுறதுதானே?"

இர்ஃபான் மேரியைப் பார்த்தான். மேரி என் ஃபிரிட்ஜைப் பார்த்தாள்.

"முதல் வருஷம் அம்மாக்களுக்குத்தான் கட்டினோம். தாங்க முடியலைன்னா நிறுத்துறதுக்குப் பட்டையிலேயே பொத்தான் இருக்கு. ஒரு அம்மாகூட அதை அழுத்தலை. எழுபது போதாது, எல்லாத்தையும் எனக்கே திருப்பி விடுங்கன்னு கேட்டாங்க. நாலு பேர் மயங்கி விழுந்தாங்க. அப்புறம் விதியை மாத்திட்டாங்க. ரத்த சொந்தம் கூடாது. நிறுத்தத் தெரிஞ்சவங்களா இருக்கணும்."

"அதாவது, ரொம்பப் பாசம் இல்லாத ஆளா வேணும்."

"படிவத்துல அப்படிப் போடலை மேடம்."

"பகல் பூரா எதிர் வீட்லயே இருக்கிறது நீங்கதான்க்கா," என்றாள் மேரி. இதைவிட நல்ல காரணம் ஒன்றைச் சொல்லியிருக்கலாம்.

புண்ணியத்துக்காக ஒப்புக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். மூன்று வருஷமாகப் பூட்டியிருந்த கதவு தானாக வந்து என் மணிக்கட்டில் உட்காரப் போகிறது. வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர் சபாபதி செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "இதுவரைக்கும் அடுத்த வீட்டு வயித்துவலியை நீ விசாரிச்சுத் தெரிஞ்சுக்கணும். இனிமே அதுவே வீடு தேடி வந்துடும்."

முதல் நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மணி ஒன்பது நாற்பது. திடீரென்று காதுக்குள் சத்தமே இல்லாமல் ஒரு சத்தம். தலையை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து நெரிப்பது போல. கை வேர்த்து, கத்தி நழுவி, இந்தச் சமையலறையை விட்டு ஓடு என்று உடம்பு முழுக்கக் கத்துகிறது. நான் பொத்தானை அழுத்திவிட்டேன். உடனே எல்லாம் அடங்கியது.

சாயங்காலம் இர்ஃபான் வந்தான். துணி பிழியும் இயந்திரம் காலையில் அந்த நேரத்துக்குத்தான் ஓட ஆரம்பிக்குமாம். நான் அழுத்திய நொடியில் நூறும் ரெஜினாவிடமே திரும்பிப் போய், அவள் அரை மணி நேரம் மேஜைக்கு அடியில் உட்கார்ந்திருந்தாளாம். அவன் என்னைக் குறை சொல்லவில்லை. "நீங்க அழுத்தலாம் மேடம், அது உங்க உரிமை," என்றான். அதற்குப் பிறகு நான் அழுத்தவில்லை. ஒன்பது முப்பத்தைந்துக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன்.

இதில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்துகொண்டது. பார்க்க ஆள் வந்தார்கள். மொட்டைமாடிக் கூட்டத்தில் பாதி, ஒன்பதரைக்கே என் கூடத்தில் வந்து உட்காரும். "இதோ, இப்ப வரும் பாரு," என்று கையை நீட்டுவேன். மயிர் சிலிர்த்து நிற்பதைப் பார்த்து, "ஐயோ, அந்தப் பிள்ளை பாவம்," என்பார்கள். அந்தப் பிள்ளைக்கு இது தெரியுமா, தெரிந்தால் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. காப்பி கொடுத்து அனுப்புவேன்.

மூன்றாவது வாரம் புதிதாக ஒன்று வர ஆரம்பித்தது. மதியம் ஒன்று பத்துக்கு.

இது சத்தம் இல்லை. சத்தம் எப்படி வரும் என்று எனக்குப் பழகியிருந்தது. வேர்வை இல்லை, நெரிசல் இல்லை. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று ஊதிக்கொண்டே வந்து, விலா எலும்பு விட்டுப்போகும் என்கிற அளவுக்கு நிற்கும். தொண்டை அடைக்கும். மூச்சை இழுத்தால் பாதியில் நிற்கும். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஐந்து நிமிஷம் இருந்துவிட்டு மெல்ல வடியும். முதலில் வாயு என்று நினைத்து மாத்திரை போட்டேன். பிறகு ஈசிஜி எடுத்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. அப்படியென்றால் இது என்னுடையது இல்லை. அந்தப் பெண்ணுடையது.

ஐம்பத்தெட்டு வயதில் எத்தனையோ வலி பார்த்தாயிற்று. பிரசவம் இரண்டு, சாவு நான்கு, ஒரு பித்தப்பை. இது எதிலும் சேரவில்லை.

ஒரு நாள் மேரி பூட்டைத் திறக்கும்போது பிடித்துக்கொண்டேன். "மத்தியானம் ஒரு மணிக்கு அங்க என்ன நடக்கும் மேரி?"

"சாப்பாட்டு நேரம்க்கா. மெஷினெல்லாம் நிறுத்திடுவாங்க. மத்தவங்க கேன்டீனுக்குப் போயிடுவாங்க. இவளுக்குக் கேன்டீன் கூட்டம் ஆகாது. இவளும் ஞானசுந்தரம் சாரும் மட்டும் அங்கேயே சாப்பிடுவாங்க. அவர்தான் அங்க சூப்பர்வைசர்."

"அவர் ஏன் கேன்டீனுக்குப் போறதில்லை?"

மேரி சாவியைத் திருப்பாமல் நின்றாள்.

நான் எதையும் சொல்லவில்லை. இதைப் பின்னால் பல பேரிடம் சத்தியம் செய்து சொன்னேன். உண்மையும் அதுதான். கேட்டேன், அவ்வளவுதான். மறுநாள் தண்ணீர்த் தொட்டி நிழலிலும் அப்படித்தான்: "தினம் ஒண்ணு பத்துக்கு, மெஷின் எல்லாம் நின்ன பிறகு, அறையில அந்த ஆளும் அவளும் மட்டும் இருக்கிறப்ப, அந்தப் பிள்ளை இப்படித் துடிக்குது. ஏன்னு தெரியலை. நான் ஒண்ணும் சொல்லலை."

சொல்லாததற்குக் கால் முளைத்தது. இரண்டு நாளில் அது ஐந்து மாடியும் ஏறி இறங்கி, என் வீட்டு வாசலுக்கே வந்து, "கையைப் பிடிச்சானாமே," என்றது. எங்கே கிளம்பியது என்று தெரிந்த நானே அதைக் கேட்டு, "அப்படியா?" என்று அதிர்ந்துபோனேன்.

மேரி மகளைக் கேட்டாள். அப்போது நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்று வருஷத்தில் அந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் முறை. ரெஜினா சாப்பாட்டு மேஜையில் டவல்களை ஒரே அளவில் மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குட்டையாக வெட்டிய முடி, நீலச் சீருடை. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. கேள்வியை உள்ளே எடுத்துக்கொண்டு போய், ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவாள். ஆனால் கேட்டதற்குச் சரியான பதில் சொல்வாள்.

"ஞானசுந்தரம் சார் உன் கையைப் பிடிச்சாரா?"

யோசித்தாள். "பிடிச்சார்."

மேரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எப்போது, எதற்கு என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால், முதல் நாள் மடிப்புச் சொல்லிக்கொடுக்கும்போது என்று அதற்கும் சரியாகப் பதில் வந்திருக்கும். கேட்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். கேட்கவில்லை.

புகார் போனது. விசாரணை முடியும்வரை ஞானசுந்தரத்தை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ரெஜினாவின் பயிற்சியையும் நிறுத்திவைத்தார்கள். இர்ஃபான் முகம் செத்துப்போய் வந்தான். "பதினஞ்சு நாளுக்கு மேல நின்னா விதிப்படி பயிற்சி ரத்தாயிடும். அந்த இடம் வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும்," என்றான்.

பட்டை மட்டும் என் கையில் இருந்தது. கழற்ற உத்தரவு வரவில்லை. ஒன்பது நாற்பது வரவில்லை. ஒன்று பத்து வரவில்லை. அதற்குப் பதிலாகக் காலை எட்டே முக்காலுக்கு ஆரம்பித்து, இருட்டும்வரை, வயிற்றில் ஈரத்துணியைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு கனம். இது எனக்குத் தெரிந்த கனம். இதற்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். எதிரே ரெஜினா சீருடை போட்டு, டிபன் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு லிஃப்ட்டுக்கு முன்னால் நிற்கிறாள்.

"ஆன்ட்டி, இன்னிக்கும் லீவா?"

"ஆமாம்மா."

"நாளைக்கு?"

எனக்குத் தெரியாதென்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பதினைந்தில் எட்டு நாள் முடிந்திருந்தது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். புகாருக்கு இருந்த ஒரே அத்தாட்சி என் உடம்புதானே. மருத்துவமனையில் ஒரு சின்ன அறை. மேரி, ரெஜினா, இர்ஃபான் மூவரும் எனக்கு முன்பே வந்திருந்தார்கள். தலைமை வகித்தது நரைத்த முடியோடு ஒரு பெண் டாக்டர். ஓரத்து நாற்காலியில் ஒருவர் முழங்கைமேல் கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டை. அவர்தான் ஞானசுந்தரம் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. நான் மனதில் வைத்திருந்த ஆளுக்கு மீசை பெரிதாக இருந்தது. இவருக்கு மீசையே இல்லை.

என் பட்டையில் பதிவானதை இர்ஃபான் திரையில் போட்டான். ஒவ்வொரு நாளும் ஒன்று பத்துக்கு ஒரு மலை.

"இவ்வளவு பெரிய வேதனைன்னா..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"மன்னிக்கணும் மேடம்," என்றான் இர்ஃபான். "பட்டைக்கு அளவுதான் தெரியும். என்ன வகைன்னு தெரியாது. வேதனைங்கிறது நாம போட்ட பேரு."

நாம் என்று அவன் பெருந்தன்மையாகச் சொன்னான். போட்டது நான்.

டாக்டர் ரெஜினாவிடம் குனிந்தார். "ஒண்ணு பத்துக்கு என்ன நடக்கும்னு சொல்றியாம்மா?"

ரெஜினாவின் வாய் திறந்தது. மூடியது. என் மணிக்கட்டு வேர்த்தது.

"சொல்லச் சொன்னா அவங்களுக்குக் கஷ்டம். காட்டச் சொல்லுங்க," என்றான் இர்ஃபான்.

அப்போது மணி பன்னிரண்டே முக்கால். எல்லோருமாகத் துணிப் பிரிவுக்கு நடந்தோம். நீளமான அறை. ஒரு கோடியில் பிழியும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணிக்கு நிறுத்தினார்கள். ஆட்கள் கேன்டீனுக்குப் போனார்கள். ரெஜினா மேஜைக்குப் போய் நின்றாள். அன்று காலையில் வேறு யாரோ மடித்த கட்டுகள் இருந்தன. அவற்றை நகர்த்திவிட்டு, அவளும் ஞானசுந்தரமும் கடைசியாக வேலைக்கு வந்த நாளில் மடித்து, அலமாரியில் அப்படியே நின்றுபோயிருந்த கட்டுகளை எடுத்து ஜன்னலருகே அடுக்கினாள். பிறகு ஞானசுந்தரத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சார், நோட்டு."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார். அவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். அந்தப் பக்கம் ஆபரேஷன் தியேட்டர் தாழ்வாரம். ஒன்று பத்துக்குத் தள்ளுவண்டியோடு தியேட்டர் ஊழியர் ஒருவர் வந்தார். ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு செருகியிருந்தது. மடித்தவர் பெயர். துணிக்குள் ஒரு தலைமுடி இருந்தாலும், ஓர் ஓட்டை தப்பிவிட்டாலும், யார் என்று பிடிப்பதற்காக வைத்த சீட்டு. ஊழியர் கட்டை எடுத்து, சீட்டைச் சத்தமாகப் படித்து, வண்டியில் வைத்தார். ஞானசுந்தரம் நோட்டில் குறித்தார்.

"ரெஜினா."

"ரெஜினா."

"ஞானசுந்தரம்."

"ரெஜினா."

என் நெஞ்சு ஊத ஆரம்பித்தது. அதேதான். விலா விட்டுப்போகிற அதே ஊதல். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வாரம் உடம்பு மட்டும் வந்தது. அதனோடு சேர்ந்த முகத்தை இன்றுதான் பார்க்கிறேன். கையை மார்பில் சேர்த்துக்கொண்டு, நுனிக்காலில் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

பதினொன்று.

அது சந்தோஷம். இவ்வளவு பெரிதாக ஒன்றை அந்தப் பெயரில் நான் கண்டதில்லை. அதனால்தான் ஈசிஜி எடுத்தேன்.

பிறகு ஞானசுந்தரம் நோட்டை மூடிக்கொண்டே, தரையைப் பார்த்துச் சொன்னார்: "முன்னே நாலு மணிக்குத்தான் அனுப்புவோம். அப்ப மெஷின் ஓடும். பேர் படிக்கிறது இந்தப் பிள்ளைக்குக் கேக்கலை. ஏக்கமா பாத்துக்கிட்டே நிக்கும். அதான் சாப்பாட்டு நேரத்துக்கு மாத்தினேன்."

அவர் கேன்டீனுக்குப் போகாத காரணம் அதுதான்.

இர்ஃபான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் அவனுக்கே கேட்காத மாதிரி வந்தது. "இதுலயும் அறுபது இவங்களுக்குப் போயிருக்கு."

"எது?" என்றாள் மேரி.

"ரெண்டாம் மாசம் அறுபது பங்கு. சத்தத்துக்குப் போட்ட கணக்கு. பட்டைக்கு வித்தியாசம் தெரியாதே. இதையும் எடுத்துட்டுப் போயிருக்கு."

ரெஜினா அவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வழக்கம்போல அதை உள்ளே எடுத்துப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "ஆன்ட்டி கிட்டயா போச்சு?"

"ஆமாம்."

என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். கோபம் ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்டு போன கிண்ணத்தைத் திருப்பிக் கேட்கிற மாதிரி. "குடுங்க."

கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது? தினம் தினம் வந்ததை வாயு மாத்திரை போட்டு அடக்கிவிட்டேன். பட்டையைக் கழற்றி அந்தக் கையில் வைத்தேன். அவளும் தன்னுடையதைக் கழற்றி, இரண்டையும் அடுக்கி, விளிம்பு சரிபார்த்து, இர்ஃபானிடம் கொடுத்தாள். "வேணாம்."

"ரெஜினா, இது இல்லாம காலையில மெஷின்..." என்றான் இர்ஃபான்.

"நாலு நிமிஷம் வெளியே நிக்கிறேன்."

"என்ன?"

"முன்னாடியே சொன்னேன். நீங்க எழுதலை."

படிவத்தில் அதற்கு இடம் இல்லை என்று இர்ஃபான் பிறகு என்னிடம் சொன்னான். பட்டை பொருத்துவதற்கு ஒன்பது பக்கப் படிவம். அதில் இந்த ஒரு வரிக்கு இடம் இல்லை.

டாக்டர் ஞானசுந்தரத்தைக் கேட்டார். "முடியுமா?"

"மெஷின் வேகம் பிடிக்கிற வரைக்கும்தான் அந்தச் சத்தம் மேடம். நாலு நிமிஷம், மிஞ்சினா அஞ்சு. அப்புறம் ஒரே சீரா ஓடும். வெளியில பெஞ்சு கிடக்கு."

இதற்காகத்தான் என் நரம்பு எட்டு வாரம் வாடகைக்குப் போனது. பெஞ்சு எப்போதும் அங்கேதான் கிடந்திருக்கிறது.

புகாரைத் திரும்பப் பெறுவதாக மேரி அங்கேயே எழுதிக் கொடுத்தாள். ஞானசுந்தரத்தின்மேல் குற்றம் இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். காகிதத்தில் அவ்வளவு சுலபமாக முடிந்தது.

வெளியில் தாழ்வாரத்தில் நான் அவரிடம் போனேன். "சார், நான்தான்..." என்று ஆரம்பித்து, நான் ஒன்றும் சொல்லவில்லை, கேட்டேன் அவ்வளவுதான் என்கிற வாக்கியம் தொண்டைக்கு வந்தது. விழுங்கிவிட்டு, "நான்தான் பேசினேன்," என்றேன்.

"தெரியும்மா."

"வீட்ல ரொம்பக் கேட்டாங்களா?"

"ஒருத்தரும் கேக்கலை." நோட்டின் ஓரத்தைத் தடவினார். "பொண்டாட்டி கேக்கலை, ரெண்டு பொண்ணுங்களும் கேக்கலை. சாப்பாடு எடுத்து வச்சுட்டுத் தள்ளிப் போயிட்டாங்க. கேட்டிருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பேன்."

"இப்பத்தான் எல்லாம் தெளிவாயிடுச்சே சார். நாளையிலேர்ந்து..."

"அந்தப் பிள்ளைக்கு வேலை தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். நான் கீழ அழுக்குத் துணிப் பிரிவுக்கு மாத்தல் கேட்டிருக்கேன். இனிமே அது பக்கத்துல தனியா நின்னு நோட்டு எழுத எனக்குத் தைரியம் இல்லைம்மா. யார் கையில என்ன பட்டை கட்டியிருக்கோ."

அவர் லிஃப்ட்டில் போகவில்லை. படியில் இறங்கினார்.

மீதி மாதங்களை ரெஜினா பட்டை இல்லாமல் முடித்தாள். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஒன்பது முப்பத்தைந்துக்குக் கை தானாகக் கத்தியைக் கீழே வைத்துவிடும். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒன்றும் வராது. அவள் பெஞ்சில் இருக்கிறாளா, மேஜைக்கு அடியில் இருக்கிறாளா, தெரியாது. ஒன்று பத்துக்குச் சமையலறையில் நின்று பார்ப்பேன். நெஞ்சு பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். இவ்வளவு சின்னதா இது என்று இருக்கும். மொட்டைமாடியில் கேட்டார்கள், சொல்ல ஒன்றுமில்லாமல் மளிகைப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இரண்டு முறை அப்படிச் செய்ததும், எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பேச்சுக் கிளம்பி ஐந்து மாடியும் ஏறி இறங்கியதாகச் சபாபதி சொன்னார்.

ஆறாம் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, லிஃப்ட்டில் நானும் ரெஜினாவும் மட்டும். அவள் கையில் நீளமான வெள்ளை உறை. திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, இர்ஃபான் மத்தியானமே மேரிக்குப் போன் பண்ணி, மேரி என் கதவைத் தட்டி, வாசலில் நின்று விஷயத்தைச் சொல்லி இரண்டு நிமிஷம் அழுதுவிட்டுப் போயிருந்தாள். வேலை நிரந்தரம்.

"ஆன்ட்டி," என்றாள் ரெஜினா. "ஞானம் சார் ஏன் மேல வர்றதில்லை?"

இதை அவள் அங்கே தினமும் கேட்கிறாளாம். புதிய சூப்பர்வைசர் அம்மாவைக் கேட்டிருக்கிறாள், தியேட்டர் ஊழியரைக் கேட்டிருக்கிறாள், பெற்ற தாயைக் கேட்டிருக்கிறாள். எல்லோரும் அவருக்கு வேலை அதிகம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பதில் தயாராக இருந்தது.

"என்னாலதான்மா," என்றேன். "உனக்கு வந்தது என்னன்னு எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சும்மா இருந்திருக்கலாம். அவர் உனக்கு ஏதோ கெடுதல் பண்றார்னு நினைச்சு, எல்லார்கிட்டயும் பேசினேன். அதனால அவர் கீழ போயிட்டார்."

லிஃப்ட் முதல் மாடியைத் தாண்டியது. இரண்டைத் தாண்டியது. அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அவர் கெடுதல் பண்ணலை."

"பண்ணலை."

"நீங்க பண்ணீங்க."

"ஆமா."

மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. அவள் கழுத்தில் தொங்கிய சாவியை எடுத்து வீட்டைத் திறந்தாள். அவளே வந்து அவளே திறந்துகொள்கிற வீடு இப்போது அது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு பேசாமல் என் வீட்டுக்குள் போயிருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே.

"இன்னிக்கு இந்த லெட்டரைக் குடுத்தப்ப சந்தோஷமா இருந்துச்சா ரெஜினா?"

வாசலில் நின்று திரும்பினாள். "இருந்துச்சு ஆன்ட்டி."

"எவ்வளவு?"

இந்த முறை யோசிக்கவில்லை.

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன்," என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல், மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கீழே இரண்டாம் மாடியிலிருந்து படிவழியே ஒரு குரல் ஏறி வந்தது. "மரகதம்மா, பேச்சுச் சத்தம் கேட்டுச்சே. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலை," என்றேன்.